கடன் சிட்டையும் நாலடியாரும்: மதுரையில் அறிவைத் தொகுத்தவர்கள்



எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், பச்சைப் பட்டுத்துணியில் சுற்றப்பட்ட நோட்டு ஒன்று நெடுங்காலம் இருந்தது. என் பாட்டனார் எழுதியது. அவர் மதுரை நெல்பேட்டையிலிருந்து சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்து ஊர்களுக்குச் சென்று தவணைக்குச் சேலை விற்றவர். நோட்டின் முன்பகுதி கடன் சிட்டை: யாருக்கு எத்தனை முழம், எவ்வளவு பற்று, எவ்வளவு வரவு. பின்பகுதியில், வியாபாரத்திலும் குடும்பத்திலும் பட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் ஆலிம்களிடம் கேட்டுக்கொண்டவற்றையும் சிறுசிறு குறிப்புகளாக எழுதி வைத்திருந்தார். எழுத்து அரபுத் தமிழ். அரபு எழுத்தில் இருந்ததால் வீட்டில் அதற்கு ஒரு மரியாதை. ஒளு இல்லாமல் தொடக்கூடாது என்று அத்தா எங்களைக் கண்டிப்பார். அந்த மரியாதையினாலேயே அதை யாரும் திறக்கவில்லை.

2014ஆம் ஆண்டு என் உறவினர் ஒருவர் கடை வைப்பதற்காக மொத்த வியாபாரி ஒருவரிடம் சரக்கைக் கடனாக எடுத்தார். அதற்கு நான் ஜாமீன் நின்றேன். வட்டி இல்லாத கடன் என்பதால் மார்க்க ரீதியாகவும் தடையில்லை என்று எண்ணினேன். ஒன்றரை ஆண்டில் கடை மூடப்பட்டது. உறவினர் வெளியூர் சென்றுவிட்டார். 1,80,000 ரூபாயை நான் அடைத்து முடிக்க நாற்பது மாதங்கள் ஆயின. என் மனைவியின் இரண்டு வளையல்கள் அதில் போயின. வீட்டில் ஒருவரிடமும் முன்கூட்டிச் சொல்லாமல் கையெழுத்திட்டவன் நான். ஆகவே வளையலைக் கேட்டபோது அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

கடன் தீர்ந்த பிறகு, வெள்ளையடிப்பதற்காக அலமாரியைக் காலி செய்த நாளில்தான் நோட்டைத் திறந்தேன். பின்பகுதியின் நான்காம் பக்கத்தில் ஜாமீன் பற்றிய குறிப்பு இருந்தது. கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகள்: அவன் கொடுக்காவிட்டால் இந்தத் தொகையை நானே கொடுக்க இயலுமா, வீட்டாரிடம் சொல்லிவிட்டேனா, கெடு நாள் எழுத்தில் இருக்கிறதா. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஜாமீனை மறுத்துவிட்டு, கையில் இருப்பதை உதவியாகக் கொடுத்துவிட வேண்டும் என்று முடித்திருந்தார். எங்கள் குடும்பத்தில் இன்று அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன் மட்டுமே. என் தலைக்கு மேல் இரண்டு முழ உயரத்தில் அது இருந்தது.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. வாழ்க்கைக்கு உதவும் செய்திகளைத் தொகுத்து வைக்கும் வழக்கம் நம் ஊரில் மிகப் பழையது. தொகுத்தவர்கள் அவற்றை எப்படித் திரும்பப் பார்த்தார்கள்? அதற்கென்று அவர்களிடம் ஏதேனும் ஏற்பாடு இருந்ததா?

மதுரையில் இதைப் பற்றிப் பேசினால் நாலடியாரிலிருந்து தொடங்குவதே முறை. அது சமண முனிவர்களின் நூல். நல்லறிவு எங்கிருந்து வந்தாலும் அது முஃமினின் தொலைந்த பொருள் என்ற கருத்தில் வரும் ஹதீஸின் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது. ஆனாலும் அக்கருத்தை நம் முன்னோர் ஏற்று நடந்திருக்கின்றனர். நாலடியாரைப் பற்றி வழங்கும் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். பஞ்சத்தினால் பாண்டிய நாட்டுக்கு வந்து தங்கிய எண்ணாயிரம் முனிவர்கள், ஊர் திரும்ப அரசன் விடை தராததால், ஆளுக்கு ஒரு பாட்டை எழுதித் தத்தம் இருக்கையின் கீழ் வைத்துவிட்டு இரவோடு இரவாகச் சென்றுவிட்டனர். சினந்த அரசன் ஏடுகளை எல்லாம் வைகையில் எறியச் சொன்னான். நானூறு ஏடுகள் மட்டும் வெள்ளத்தை எதிர்த்துக் கரை சேர்ந்தன. பதுமனார் என்பவர் அவற்றைப் பத்துப் பத்தாக நாற்பது அதிகாரங்களில் அடுக்கினார். முதல் அதிகாரமே செல்வம் நிலையாமை பற்றியது.

கதையின் உண்மை ஒருபுறம் இருக்கட்டும். என் கவனம் பதுமனாரின் வேலையில்தான் நின்றது. நானூறு பாட்டுகள் குவியலாகக் கிடந்தால் யாருக்கும் பயன்படாது. நட்பைப் பற்றி எங்கே, ஈகையைப் பற்றி எங்கே என்று தேடி எடுக்கும்படி அவற்றைப் பகுத்ததால்தான் அது நூலாயிற்று.

நாலடியார் இடம்பெறும் பதினெண்கீழ்க்கணக்கு நூல்களைப் பார்த்தால், எண்ணிக்கையைக் கொண்டு நினைவில் நிறுத்தும் முறை தெளிவாகத் தெரிகிறது. முதுமொழிக்காஞ்சியை இயற்றியவர் மதுரைக் கூடலூர் கிழார். பத்துப் பத்தாக நூறு முதுமொழிகள், ஒவ்வொரு பத்துக்கும் ஒரே தொடக்கம். எதைப் பற்றிய பத்து என்று தெரிந்தால் விரல் மடக்கிச் சொல்லிவிடலாம். சுக்கு, மிளகு, திப்பிலி போலப் பாட்டுக்கு மூன்று செய்திகள் தருவது திரிகடுகம். நான்கு தருவது நான்மணிக்கடிகை. ஐந்து வேர்களின் பெயரால் சிறுபஞ்சமூலம், ஆறு மருந்துப் பொருள்களின் பெயரால் ஏலாதி. இவ்விரண்டையும் இயற்றிய காரியாசானும் கணிமேதாவியாரும் மதுரைத் தமிழாசிரியர் மாக்காயனாரின் மாணாக்கர்கள். ஒரே ஆசிரியரிடம் பயின்ற இருவர், ஒருவர் ஐந்தாகவும் மற்றவர் ஆறாகவும் கட்டியிருக்கின்றனர். நூல்களுக்கு மருந்தின் பெயரை வைத்ததும் கருத்தோடுதான். மருந்தை ஒரு முறை உண்டுவிட்டு டப்பாவை மூடி வைப்பார் இல்லை.

இதே முறையை நம் அரபு நூல்களிலும் காணலாம். ஹாபிழ் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்களின் பெயரால் வழங்கும் அல்முனப்பிஹாத் என்னும் சிறுநூல், இரண்டிரண்டாக, மும்மூன்றாக என்று தொடங்கிப் பத்துவரை உபதேசங்களை அடுக்குகிறது. மதரஸாவில் அதை நடத்தும்போதெல்லாம் எனக்குத் திரிகடுகம் நினைவுக்கு வரும். நபி (ஸல்) அவர்களின் பொன்மொழிகளிலேயே நயவஞ்சகனின் மூன்று அடையாளங்கள், அர்ஷின் நிழலில் இருக்கும் எழுவர், ஐந்துக்கு முன் ஐந்து என்று எண்ணிச் சொன்னவை பல. அந்த ஐந்தில் ஒன்று, வறுமை வரும் முன் செல்வத்தைப் பயன்படுத்திக்கொள்வது. இமாம் நவவி (ரஹ்) நாற்பது ஹதீஸ்களைத் தொகுத்தபோது (உண்மையில் அதில் 42 உள்ளன), நாற்பதை மனனம் செய்வதன் சிறப்பைக் கூறும் ஹதீஸ் பலவீனமானது என்று முன்னுரையிலேயே ஒளிக்காமல் எழுதிவிட்டுத்தான் தொகுத்தார். ஹிஜ்ரி 676இல் மறைந்த அவருடைய தொகுப்பை இன்றும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் எங்கள் மதரஸாவில் ஓதுகின்றனர். பெரிய நூல்களில் ஆயிரக்கணக்கான ஹதீஸ்கள் இருக்கையில் ஒரு சிறிய நாற்பது இவ்வளவு காலம் நின்றதற்கு, திரும்பத் திரும்ப ஓதி முடிக்கும் அளவில் அது இருந்ததும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

ஓலைச்சுவடிக்கு இன்னொரு குணம் உண்டு. அது செல்லரிக்கும், ஒடியும். நம் நாட்டு வெப்பத்தில் சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. ஆகவே பழைய ஏட்டை யாராவது புதிய ஏட்டில் படியெடுக்க வேண்டும். படியெடுப்பவர் ஒவ்வொரு எழுத்தையும் வாசித்தே ஆக வேண்டும். எவரும் திரும்பப் பார்க்காத சுவடி ஒரு நாள் மண்ணாகிவிடும். இதற்குப் புறத்திரட்டு என்னும் தொகைநூல் நல்ல சாட்சி. 15ஆம் நூற்றாண்டளவில் பெயர் தெரியாத ஒருவர், பழைய நூல்களில் தமக்குப் பிடித்த பாட்டுகளைத் தேர்ந்து, குறளின் வழியில் பொருள்வாரியாக அடுக்கினார். அவர் படித்த நூல்களுள் சில பிறகு அழிந்தன. முத்தொள்ளாயிரத்தின் பாடல்கள் நமக்குக் கிடைத்தது பெரும்பாலும் அவருடைய திரட்டினால்தான். ச. வையாபுரிப் பிள்ளை 1938இல் அதைப் பதிப்பித்தார். மதுரையில் 1901இல் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரும் பன்னூற்றிரட்டு என்ற பெயரில் நீதிப் பாடல்களைத் தொகுத்தவர். ஆக, இந்த ஊரில் தொகுப்பது புலவர்களின் வேலையாகவும் செல்வந்தர்களின் ஆர்வமாகவும் ஒருசேர இருந்திருக்கிறது.

இந்த மரபில் முஸ்லிம்கள் எப்போது கை வைத்தனர்? இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களில் மிகப் பழையதாகக் கருதப்படும் ஆயிர மசலா, 1572இல் (ஹிஜ்ரி 980) இதே மதுரையில் அரங்கேறியது. வண்ணப்பரிமளப் புலவர் இயற்றியது. அதிசய புராணம் என்ற பெயரும் அதற்கு உண்டு. மதீனாவின் யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் நபி (ஸல்) அவர்களிடம் ஆயிரம் கேள்விகள் கேட்டு, விடை பெற்று, இஸ்லாத்தை ஏற்றார் என்பது அதன் அமைப்பு.

ஓர் உஸ்தாத் என்ற முறையில் இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் கேட்டதாக ஸஹீஹுல் புகாரியில் வருபவை மூன்று கேள்விகளே: மறுமை நாளின் முதல் அடையாளம், சுவனவாசிகளின் முதல் உணவு, குழந்தை தாயையோ தந்தையையோ ஒத்திருப்பதன் காரணம். மூன்று ஆயிரமானது பிற்காலத்தார் சேர்த்துக்கொண்டே போனதால். மசாயில் என்ற இவ்வகை நூல் 12ஆம் நூற்றாண்டிலேயே லத்தீனுக்குப் போயிற்று. பின்னர் பாரசீகம், மலாய், ஜாவா மொழிகளிலும் அமைந்தது. ஆகவே அதிலுள்ள ஒவ்வொரு விடையையும் மார்க்க ஆதாரமாகக் கொள்ள இயலாது. இதை மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்வேன். ஆயினும் கேள்வி - பதில் என்ற அமைப்பை நான் மதிக்கிறேன். விடையை மட்டும் எழுதி வைத்தால் அது எந்தச் சமயத்துக்கு உரியது என்பது மறந்துபோகும். கேள்வியோடு எழுதி வைத்தால், அந்தக் கேள்வி வாழ்க்கையில் வரும்போது விடையும் உடன் வரும். நூறு மசலா என்ற நூலிலும் இதே அமைப்புதான். தன்னை மணக்க வருபவரிடம் ஓர் அரசகுமாரி நூறு புதிர்க் கேள்விகள் கேட்கிறாள். அக்காலத்தில் இதுபோன்ற நூல்களை ஒருவர் பாட, வீட்டுப் பெண்கள் சுற்றி அமர்ந்து கேட்பார்கள் என்று என் பாட்டியார் சொல்வார். கேட்பவர்களுக்கு விடைகள் முன்பே தெரியும். தெரிந்த விடையை மீண்டும் கேட்பதற்காகவே கூடினார்கள்.

ஆயிர மசலா அரங்கேறிய மறு ஆண்டிலேயே வைகையின் வடகரையில் வேறொரு நிகழ்வு பதிவானது. கோரிப்பாளையம் தர்ஹாவிலுள்ள கல்வெட்டு 1573ஆம் ஆண்டைச் சேர்ந்தது, வீரப்ப நாயக்கர் காலத்தது. தர்ஹாவுக்குரிய கிராமங்கள் முன்னொரு காலத்தில் பாண்டிய மன்னனிடமிருந்து 14,000 பொன்னுக்குப் பெறப்பட்டவை என்பதும், அவற்றின்மேல் வழக்கு எழுந்தபோது பழைய உரிமை செல்லும் என்று நாயக்கர் தீர்ப்பளித்தார் என்பதும் அது தரும் செய்தி. நூற்றாண்டுகளுக்கு முந்தைய கொடுக்கல் வாங்கல் ஒன்றைத் திரும்ப எடுத்துப் பார்த்ததால் உரிமை நிலைத்தது. மறுமுறை மறந்துவிடக் கூடாதே என்று கல்லிலும் வெட்டினார்கள்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதில் நமக்கு இதைவிட மேலான ஆதாரம் உண்டு. திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், அல்பகராவின் 282ஆம் வசனம், தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. தவணைக் கடனை எழுதிக்கொள்வது பற்றியது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் தவணையோடு எழுதச் சோம்பல் கொள்ள வேண்டாம் என்கிறது. சாட்சிகளை வைத்துக்கொள்ளச் சொல்கிறது. எழுதுபவருக்கும் சாட்சிக்கும் துன்பம் நேரக்கூடாது என்கிறது. நான் இந்த வசனத்தைப் பல ஆண்டுகள் மாணவர்களுக்கு விளக்கியவன். ஜாமீன் கையெழுத்திட்ட நாளில் கெடு நாள் எழுதப்படாத தாளில்தான் கையெழுத்திட்டேன். பொறுப்பேற்றவரே கடனாளி என்ற கருத்திலுள்ள ஹதீஸும் எனக்கு மனப்பாடம். அறிந்திருப்பதும் வேண்டிய நேரத்தில் அது முன்னால் வந்து நிற்பதும் ஒன்றல்ல என்பதை அப்போது உணர்ந்தேன்.

இந்த இடைவெளியை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். நபி (ஸல்) அவர்களே ஒவ்வொரு ரமளானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்களுடன் குர்ஆனை மீள ஓதினார்கள். மறைந்த ஆண்டில் இரண்டு முறை ஓதினார்கள். குர்ஆனை மனனம் செய்தவர் அதை அடிக்கடி மீட்டாவிட்டால், கட்டவிழ்ந்த ஒட்டகம்போல் அது போய்விடும் என்று எச்சரித்தார்கள். முடிவெடுக்கும் நேரத்துக்குரிய இஸ்திகாரா துஆவை, குர்ஆனின் ஓர் அத்தியாயத்தைக் கற்பிப்பதுபோல் கற்பித்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். மதரஸாக்களில் முராஜஆ என்ற பெயரில் பழைய பாடத்துக்குத் தனி நேரம் ஒதுக்குவது இதனால்தான். புதிய பாடம் ஒரு பக்கம் என்றால் பழைய பாடம் பத்துப் பக்கம்.

வாழ்க்கைக் கணக்குக்கு இதைப் பொருத்திக் காட்டியவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). ஹிஜ்ரி 505இல் மறைந்த அவர், இஹ்யாவில் மனிதனுடைய மனத்தை வியாபாரக் கூட்டாளியாக வருணிக்கிறார். காலையில் கூட்டாளியோடு நிபந்தனை பேச வேண்டும். பகலில் அவனைக் கண்காணிக்க வேண்டும். இரவில் அமர்ந்து வரவு செலவு, லாபம் நட்டம் பார்க்க வேண்டும். பாரசீகத்தின் தூஸ் நகரத்தில் பிறந்த பேரறிஞர், கடைக்காரர் மாலையில் கல்லாப்பெட்டியைத் திறந்து எண்ணுவதைத்தான் ஆன்மிகத்துக்கு உவமையாக எடுத்திருக்கிறார். நம் கீழமாசி வீதி மளிகைக் கடைக்காரருக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை.

இனி நோட்டுக்கு வருகிறேன். நான் அதைத் திறந்து படித்த பிறகு, அத்தாவின் மூத்த சகோதரி, எங்கள் மாமியிடம், பாட்டனார் இதை எப்போது படிப்பார் என்று கேட்டேன். அவர் தயங்காமல் சொன்னார்: "ரமளான் பிறை பதினஞ்சுக்கு ஜகாத் கணக்குப் பார்ப்பாங்கள்ல, அன்னிக்கு எல்லாரையும் உட்கார வச்சுப் பின்னாடி பக்கத்தை முழுசா வாசிப்பாங்க. எங்களுக்குத் தூக்கம் சொக்கும்." சிட்டையின் முன்பகுதியைப் பார்த்து, வர வேண்டிய கடனையும் கையிருப்பையும் கூட்டி ஜகாத் தொகையைக் குறித்த பின், அதே அமர்வில் பின்பகுதியையும் வாசித்திருக்கிறார். அடைக்க வழியில்லாதவர்களின் பெயரை அன்றுதான் அடித்துவிடுவாராம். அடித்த பெயர்கள் முன்பகுதியில் பதினேழு இருக்கின்றன. அந்தக் கோடுகள் என்னவென்று மாமி சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை.

பாட்டனார் 1968இல் வஃபாத்தானார். பிறகு அத்தா ஜகாத்தைத் தனித்தாளில் கணக்கிட்டார். நோட்டு பட்டுத்துணிக்குள் போயிற்று. ஒரு நாளும் தேதியும் அதற்கு இருந்தன. அந்த நாள் போனதும் நோட்டும் போய்விட்டது. என் கைப்பேசியிலும் இதே கதைதான். வாட்ஸ்அப்பில் வந்த ஹதீஸ்கள், வியாபார யோசனைகள், மருத்துவக் குறிப்புகள் என்று நட்சத்திரக் குறியிட்டுச் சேமித்தவை முந்நூற்றுக்கு மேல் உள்ளன. அவற்றை மறுபடி பார்ப்பதற்கு எந்த மாதத்திலும் எந்தப் பிறையும் இல்லை. நோட்டைப் பட்டில் சுற்றிய அத்தாவை நான் குறை கூறத் தகுதியற்றவன்.

நோட்டின் குறிப்புகள் எல்லாம் இன்றைக்குப் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் தாமதமாக வரும் ஆண்டில் மேலூர்ப் பக்கத்தில் வழக்கமான கடனில் பாதிக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று ஒரு குறிப்பு. அறுவடையை நம்பித் தவணை கொடுத்தவருக்கு அது பெரிய பாடமாக இருந்திருக்கும். மாதச் சம்பளக்காரனான எனக்கு நேரடியாக உதவாது. பெண்பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எழுதிய ஒன்றை என் மகளிடம் வாசித்துக் காட்டவே கூச்சமாக இருந்தது. அது அவர் காலத்துக் கருத்து. ஆனால் கோபத்தில் இருக்கும்போது விலை பேசாதே என்பதும், பங்காளியோடு பேச்சு முறிந்த அன்றே கணக்கை எழுதி முடித்துவிடு என்பதும் எந்தக் காலத்துக்கும் வேண்டியவை. பிந்தையதன் பக்கத்தில் ஓர் ஊர்ப் பெயரும் ஒரு தொகையும் உள்ளன. எந்த நட்டத்தில் கற்றாரோ.

மூன்று ஆண்டுகளாக ரமளான் பிறை பதினைந்தில் எங்கள் வீட்டில் மீண்டும் அந்த வாசிப்பு நடக்கிறது. ஜகாத் கணக்கை மனைவி எழுதுகிறார். நான் அரபுத் தமிழை வாசிக்கிறேன். மகள் அதைத் தமிழ் எழுத்தில் படியெடுக்கிறாள். சென்ற ஆண்டு என் தங்கை மகன் வந்திருந்தான். நண்பனுக்கு வண்டிக் கடனில் ஜாமீன் போடலாமா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நான்காம் பக்கம் முடிந்ததும், "மாமு, அந்த மூணு கேள்வியைத் திரும்பச் சொல்லுங்க" என்றான். வட்டிக் கடன் என்பதால் முதலில் அதைப் பற்றியே பேச வேண்டியிருந்தது. பிறகு மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி வாங்கிச் சென்றான்.

படியெடுத்தது இதுவரை அறுபத்திரண்டு பக்கங்கள். பின்பகுதியில் இன்னும் பதினொரு பக்கங்கள் மீதமுள்ளன. அவற்றில் நான்கை பூச்சி அரித்துவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓரங்களில் சில சொற்கள் மட்டும் தெரிகின்றன. ஒரு பக்கத்தின் தலைப்பு மட்டும் முழுமையாக இருக்கிறது: மகனுக்குத் தொழில் வைத்துக் கொடுக்கும்போது.